மூணு கார்ட்தானே, சார்?

கிட்டார் கேள்வி–பதில்

மூன்றே கார்ட்டில் (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) முடிகிற பாட்டு ஒன்று சொல்லுங்கள் என்று போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் ‘பிளிட்ஸ்க்ரீக் பாப்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இந்த மாதத் தபாலில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க பங்க் ராக். சினிமாப் பாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கார்ட் மூன்றும் ஒரே நாளில் வந்துவிட்டன. ஆனால் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தால் ஒரு நிமிடத்தில் கை கழன்றுவிடுகிறது. யூடியூபில் எல்லோரும் ‘ரொம்ப ஈஸி’ என்கிறார்கள். எங்கே தப்பு, சார்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

இடது கைக்கு இந்தப் பாட்டில் பெரிய வேலை இல்லை, தம்பி. ஏ கார்ட் ஆறாவது ஸ்ட்ரிங்கில் ஐந்தாம் ஃப்ரெட் (வீணையின் மெட்டு மாதிரி). அதே ஃப்ரெட்டில் ஐந்தாவது ஸ்ட்ரிங்குக்கு நகர்ந்தால் டி. அங்கிருந்து கையை அப்படியே இரண்டு ஃப்ரெட் தள்ளினால் ஈ. பவர் கார்டாக, அதாவது இரண்டு மூன்று ஸ்ட்ரிங் மட்டும் பிடிக்கும் சுருக்கமான கார்டாகப் பிடித்தால் விரல் அமைப்புகூட மாறாது. பாட்டின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். யூடியூப்காரர்கள் ஈஸி என்று சொல்வது இதை வைத்துத்தான்.

கஷ்டம் முழுக்க வலது கையில் இருக்கிறது. குழுவின் கிட்டார்காரர் ஜானி ரமோன் பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) கீழ்நோக்கி மட்டுமே அடிப்பார், மேல் அடி கிடையாது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 176 பீட், ஒரு பீட்டுக்கு இரண்டு அடி. கணக்குப் போட்டால் நொடிக்கு ஆறு அடி வருகிறது. இரண்டு நிமிடம் பத்துச் சொச்சம் நொடி ஓடும் பாட்டில் எழுநூறுக்குப் பக்கம். கழலாமல் என்ன செய்யும்?

மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்புதானே என்று கேட்பீர்கள். அடித்துப் பாருங்கள், காது காட்டிக்கொடுத்துவிடும். கீழே வரும் பிக் தடித்த ஸ்ட்ரிங்கை முதலில் தொடுகிறது, மேலே போகும் பிக் மெல்லிய ஸ்ட்ரிங்கை. அதனால் ஒன்று கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழுந்து, பாட்டு துள்ள ஆரம்பித்துவிடும். எல்லாமே கீழ் அடி என்றால் ஒவ்வொன்றும் ஒரே எடையில் விழும். மரம் அறுக்கும் ரம்பம் போல இடைவெளி இல்லாமல் ஓடுகிற அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

இப்போது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாசியுங்கள். அசைவது முழங்கையா, மணிக்கட்டா? முழங்கை என்றால் ஒரு நிமிடம் தாங்கியதே பெரிது. பிக் முனை விரலுக்கு வெளியே மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீட்டினால் போதும். ஆறு ஸ்ட்ரிங்கையும் அடிக்கப் போகாதீர்கள். இரண்டு மூன்று ஸ்ட்ரிங் அகலத்துக்கு மேல் கை பயணிக்க வேண்டிய அவசியமே இல்லை. என்னிடம் வருகிற பிள்ளைகள் வேகம் ஏறியதும் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் காது வரை தூக்கிவிடுவார்கள். நான் பின்னால் போய் நின்று இரண்டு தோளையும் மெல்ல அழுத்திவிடுவேன். ஒரு வார்த்தை பேச வேண்டாம், அடுத்த அடியிலேயே சத்தம் தடித்து வரும். வீட்டில் அழுத்திவிட ஆள் இல்லை என்றால் நாலு பாருக்கு (ஒரு பார் என்பது நான்கு பீட்) ஒருமுறை மூச்சை விடுங்கள், தோள் தானாக இறங்கும்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை 110-இல் வைத்துத் தொடங்கி, களைப்பில்லாமல் வாசிக்க முடிந்த பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். கூடவே இன்னொரு பயிற்சி: நேரடியாக 176-இல் வைத்து ஒரு பார், அதாவது எட்டு அடி, அடுத்த பார் கையைத் தொங்கவிட்டு ஓய்வு, மறுபடி ஒரு பார். முழு வேகம் எப்படி இருக்கும் என்பது கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முன்கையில் எரிச்சல் வந்தால் உதறிவிட்டுத் தொடரலாம். மணிக்கட்டில் குத்துகிறது, விரல் மரத்துப் போகிறது என்றால் அன்றைக்குக் கிட்டாரை மூடி வையுங்கள். தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், ரமோன்ஸ்காரர்களைப் பார்த்து ஸ்ட்ராப்பைத் தொடை வரைக்கும் இறக்காதீர்கள். இடது மணிக்கட்டு மடங்கிப் போய்விடும். மேடை ஏறும் நாளில் ஸ்டைல் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தப் பாட்டைக் கற்றுக்கொள்ள ஒரு குறுக்குவழி அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிவில் கிட்டாரை வலது பக்கமும் பேஸை இடது பக்கமும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹெட்போனில் இடது காதைக் கழற்றிவிட்டால் ஜானியின் கை பேஸோடு கலக்காமல் கேட்கும். எங்கே கார்ட் மாறுகிறது, எங்கே நிறுத்துகிறார் எல்லாம் துல்லியமாகத் தெரியும். பயிற்சி ஆன பிறகு இடதை மாட்டிக்கொண்டு வலதைக் கழற்றுங்கள். டிரம்ஸ், குரல், டீ டீ ரமோனின் பேஸ் எல்லாம் இருக்கும், கிட்டார் வாசிக்க ஆள் இருக்காது. நீங்கள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இது நடக்காது.

வீணை கற்கிறேன். தம்பியின் கிட்டாரில் பவர் கார்ட் பார்த்தேன். காந்தாரமே இல்லையே! அது எப்படி ஒரு கார்ட் ஆகும்?
– மாணவி, தஞ்சாவூர்

சரியாகப் பிடித்தீர்கள். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். அவ்வளவுதான் பவர் கார்ட். அந்தர காந்தாரம் சேர்ந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மைனர். இரண்டும் இல்லாததால் இது எந்தப் பக்கமும் சாயாது. இந்த மூன்று சுரக் கூட்டை நீங்கள் தினமும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் வீணையின் பக்கத்தில் தாளத்துக்கு என்று மூன்று தந்தி இருக்கிறதே, அதன் சுருதி என்ன? ச, ப, மேல் ச.

காந்தாரத்தை ஏன் கழற்றினார்கள் என்பதற்குக் காரணம் ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில் இருக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, வாசிக்காத சுரங்களையும் உண்டாக்கும். சுரங்கள் சுத்தமாகச் சேர்ந்தால் புதிதாகப் பிறப்பவையும் பொருந்தி வரும். கிட்டார் ஃப்ரெட்டில் பஞ்சமம் சுத்த பஞ்சமத்திலிருந்து 2 சென்ட்தான் விலகியிருக்கிறது (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்). அந்தர காந்தாரமோ ஏறக்குறைய 14 சென்ட் ஏறி நிற்கிறது. சாதாரணமாக வாசிக்கும்போது காது மன்னித்துவிடும். டிஸ்டார்ஷன் மன்னிக்காது, கலங்கலாக்கிவிடும். மெழுகில் மெட்டு பதித்து மேளம் கட்டும்போது காந்தாரத்தை நுணுக்கி வைத்துக்கொள்கிற வசதி வீணையில் உண்டு, ஃப்ரெட் அடித்த கிட்டாரில் கிடையாது.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். ஜானி பெரும்பாலும் முழு பார் கார்ட் (ஒரே விரலைக் குறுக்கே வைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்துவது) பிடித்து வாசித்தவர், அதில் காந்தாரம் உண்டு. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் பவர் கார்ட் சொல்வது விரலுக்கும் ஆம்ப்புக்கும் நோகாமல் இருக்கத்தான்.

ப்ளஸ் ஒன் படிக்கும் மகன் இந்தப் பாட்டையே நாள் பூராவும் வாசிக்கிறான். தலைப்பு ஏதோ போர் சம்பந்தமாமே? பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, மதுரை

தலைப்பு ஹிட்லர் காலத்துப் போர்முறையின் பெயர்தான், அம்மா. ஆனால் பாட்டில் இருப்பது கச்சேரிக்கு அலைமோதிப் போகிற இளவட்டம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்துப் பையன்கள் இவர்கள். பாட்டைப் பெரும்பாலும் எழுதியது டிரம்ஸ் வாசித்த டாமி. தலைப்பு வைத்ததும், ஓர் இடத்தில் ‘பின்னால் நின்று கத்துகிறார்கள்’ என்று இருந்ததைச் ‘சுடு’ என்று மாற்றியதும் டீ டீ. அந்தக் குறும்பு தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் மகன் ஆரம்பத்தில் ஒரு கோஷம் போடுவானே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்தின் பே சிட்டி ரோலர்ஸ் குழு ஒரு பாட்டில் சனிக்கிழமையை எழுத்துக் கூட்டிக் கோஷம் போட்டுப் பெயர் வாங்கியது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று டாமி போட்டதுதான் இது.

படிப்பு கெடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் கேள்வி என்று தெரிகிறது. நிறுத்தச் சொல்லாதீர்கள். நேரம் பேசிக்கொள்ளுங்கள், ஒரு ஹெட்போன் ஆம்ப் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் கேட்பது வெறும் கம்பி தட்டுகிற சத்தம் மட்டும்தான்.

பங்க் வாசிக்க 40,000 ரூபாய்க்குக் குறைந்த கிட்டார் உதவாது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

ஜானி 1974-இல் நியூயார்க்கில் தன் மோஸ்ரைட் கிட்டாரை வாங்கியது சுமார் 50 டாலருக்கு. அதில்தான் முதல் ஆல்பமே. கடைக்காரர் பாவம், அவருக்கும் வாடகை இருக்கிறது. நீங்கள் விலைச்சீட்டைப் பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பாருங்கள், எங்கும் கம்பி இரையக் கூடாது. பத்து நிமிடம் பலமாக அடித்த பிறகும் சுருதி நிற்க வேண்டும். பிரிட்ஜ் (உடல் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்அப் இருந்தால் இரைச்சல் குறையும். மிச்சப் பணத்தில் டிரைவ் (டிஸ்டார்ஷன்) உள்ள சின்ன ஆம்ப் வாங்குங்கள். ஸ்ட்ரிங் அறுந்துகொண்டே இருக்கும், இரண்டு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அகூஸ்டிக்கில் வாசிக்கலாமா?
– வேலூர் வாசகர்

தாராளமாக. விரல் கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து அடியுங்கள். இல்லாவிட்டால் அகூஸ்டிக்கில் ஒரு கார்டின் ஒலி அடுத்ததற்குள் வழியும்.

இந்தப் பாட்டில் சோலோ இல்லையே, சார். எனக்கு சோலோதான் பிடிக்கும். பங்க்கில் அப்படி ஏதாவது உண்டா?
– மாணவர், சென்னை

உண்டு. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் வெளியிட்ட ‘போர்டம்’ பாட்டைக் கேளுங்கள். சோலோ முழுவதும் இரண்டே சுரம், அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கேட்டால் சிரிப்பு வரும், தாளத்தோடு வாசித்துப் பார்த்தால் அவ்வளவு சிரிப்பு வராது. அந்த இரண்டு சுரத்தையும் முந்தாமல் பிந்தாமல் பதிவு செய்து அனுப்புங்கள். மூன்றாவது சுரத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம்.