பழைய வண்டிக்கு எந்த மொபில் ஆயில்? கேட்டவங்களுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில 30 வருஷமா பழைய கார் வேலைதான் பார்க்கிறேன். ஆயில் பத்திக் கேட்டவங்களோட கேள்வியும் என் பதிலும் கீழே.

பெரம்பூர், 2004 மாருதி 800: அண்ணா, 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30ன்னு டப்பால போட்டிருக்கே, நம்ம ஊர் வெயிலுக்கு எது?

டபிள்யூன்னா விண்டர். அதுக்கு முன்னாடி இருக்கிற நம்பர், குளிர்ல ஆயில் எவ்வளவு இளகி ஓடும்னு சொல்றது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில வச்சுச் சோதிப்பாங்க, 10டபிள்யூவை மைனஸ் 25ல. மார்கழி விடியகாலையிலயும் நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது, அதனால அந்த நம்பருக்காக மண்டையை உடைச்சுக்க வேணாம். பின்னாடி இருக்கிற நம்பரைப் பாருங்க. 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு அதுதான் சொல்லும். 30 கிரேடு 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையோட அளவு) வரைக்கும், 40 கிரேடு 12.5லேர்ந்து 16.3 வரைக்கும். நல்லா ஓடுற 800க்கு 20டபிள்யூ-40 தாராளமா போதும் தம்பி.

கொருக்குப்பேட்டை, 1986 பிரீமியர் பத்மினி: இப்ப வர்ற எஸ்என் (பெட்ரோல் எஞ்சின் ஆயிலோட ஒரு தரக் குறி) ஆயில்ல ஜிங்க் கம்மி, பழைய எஞ்சின் தேஞ்சிடும்கிறாங்களே?

பாதி உண்மை சார். உங்க வண்டியில வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட், அது தள்ளுற டேப்பெட்டோட முகத்துல நேரா உரசிக்கிட்டே சுத்தும், நடுவுல ரோலர் கிடையாது. அந்த உரசல்ல இரும்பும் இரும்பும் ஒட்டிக்காம காப்பாத்துறது ஆயில்ல இருக்கிற ஜிங்க்-பாஸ்பரஸ் கலவை. பாஸ்பரஸ் சைலன்ஸர்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்னுதான் அளவைக் குறைச்சாங்க. ஆனா எஸ்என்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிற வரம்பு 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 மாதிரி இளசான கிரேடுகளுக்குத்தான். 40, 50 கிரேடை அது கட்டுப்படுத்தாது. கன்வெர்ட்டர் நம்ம ஊர்ல கட்டாயமானது 1995 ஏப்ரல்ல, புது பெட்ரோல் காருக்கு. உங்க வண்டியில அது இல்லவே இல்ல. நல்ல கம்பெனி 20டபிள்யூ-50 ஊத்துங்க. சிஐ-4ன்னு போட்ட டீசல் ஆயில்லயும் ஜிங்க் நல்லா இருக்கும். டப்பாவுல பக்கத்துலயே எஸ்எல்னு பெட்ரோல் குறியும் இருந்தா பயமில்லாம ஊத்தலாம்.

தேய்மானத்தை நீங்களே பார்க்கணும்னா, அடுத்த தடவை டேப்பெட்டைக் கழட்டும்போது அதோட அடி முகத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. வழவழன்னு இருந்தா நல்லது. நடுவுல கிண்ணம் மாதிரி குழிஞ்சு நகம் தட்டுச்சுன்னா எந்த ஆயிலும் அதைத் திருப்பித் தராது.

ராயபுரம், 1992 அம்பாசிடர் பெட்ரோல்: ஐயா, ஆயில் குறையவே மாட்டேங்குது, கொஞ்சம் ஏறின மாதிரிகூட இருக்கு. நல்லதுதானே?

இல்லம்மா! இதைப் படிச்சதும் வண்டியை எடுக்காதீங்க. போன மாசம் இதே மாதிரி ஒரு அம்பாசிடர் வந்துச்சு. ஆயில் அளவு பார்க்கிற கேஜ் கம்பியை உருவினா மேல் கோட்டுக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்குது ஆயில். விரல்ல தேய்ச்சா பிசுக்கே இல்ல. மோந்து பார்த்தா பெட்ரோல் பங்க் வாசனை. எஞ்சின் பக்கவாட்டுல இருக்கிற பெட்ரோல் பம்ப்ல டயாஃப்ரம்கிற ரப்பர் தகடு கிழிஞ்சு, பெட்ரோல் நேரா எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்ல இறங்கியிருக்கு. ஆயில் லைட் மினுக்குதுன்னு வண்டிக்காரர் மூணு மாசமா கெட்டி ஆயிலா வாங்கி ஊத்திக்கிட்டே இருந்திருக்கார். பேரிங் தேஞ்சு, கிராங்க்கை இறக்க வேண்டியதாப் போச்சு. டயாஃப்ரம் மாத்தியிருந்தா ஒரு மணி நேர வேலை. எனக்கு வயிறு எரிஞ்சுது. நீங்க முதல்ல கம்பியை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா பம்ப்பைச் சரி பண்ணி, ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தின பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

வியாசர்பாடி, 1999 ஜென்: நீலப் புகை அடிக்குது. கெட்டி ஆயில் ஊத்தினா நின்னுடுமா?

கொஞ்ச நாள் மறையும், நிக்காது. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்குனா வால்வைச் சுத்தியிருக்கிற ரப்பர் சீல் போயிருக்கு. எஞ்சினை இறக்காமலே மாத்தலாம். ஓட்டும்போதெல்லாம் அடிச்சா பிஸ்டன் ரிங்காத்தான் இருக்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்க. பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினா ரிங் போச்சுன்னு உறுதி.

திருவொற்றியூர், 2001 சான்ட்ரோ: சிந்தெடிக் மாத்தினா லீக் ஆகும்னு மெக்கானிக் பயமுறுத்துறார்.

சிந்தெடிக் சீலைத் தின்னாது. வருஷக்கணக்கா சூட்டுல வெந்து விறைச்ச சீலை, அடைச்சு நின்ன கசடுதான் மறைச்சுக்கிட்டிருக்கும். புது ஆயில் அந்தக் கசடைக் கழுவுறப்போ லீக் வெளியே தெரியும். மாத்துறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. தேன் நிறமா இருந்தா தைரியமா மாத்தலாம். கறுப்பு அல்வா மாதிரி படிஞ்சிருந்தா கசடைக் கரைக்கிற ஃப்ளஷ் மருந்து மட்டும் ஊத்திடாதீங்க. கரைஞ்ச கட்டி போய் சம்ப் வலையை அடைச்சா ஆயில் மேலே ஏறாது. சம்ப்பைக் கழட்டி வலையைக் கழுவுறதுதான் வழி.

மணலி, டீசல் இண்டிகா: 10,000 கிலோமீட்டர் தாங்கும்னு சொல்றாங்களே?

எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி முக்கால் மணி நேரம் எஞ்சின் ஓட நிக்கிறீங்க, மீட்டர் நகராது, ஆயில் வெந்துக்கிட்டேதான் இருக்கும். 5,000 இல்லன்னா ஆறு மாசம், எது முதல்ல வருதோ அதுல மாத்துங்க. மாத்தின மறுநாளே கறுத்தா பதறாதீங்க, டீசலுக்கு அது சகஜம்.

புளியந்தோப்பு: மழைத் தண்ணி எஞ்சின் வரைக்கும் ஏறிடுச்சு.

சாவியே போடாதீங்க. கேஜ் கம்பியில பால் டீ நிறம் தெரிஞ்சா ஆயில்ல தண்ணி. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவங்கதான், சிலிண்டர்ல புகுந்த தண்ணியால பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சு வந்தாங்க.

எண்ணூர்: எடுத்த பழைய ஆயிலை என்ன செய்யறது?

அதே வெள்ளத்துல முகத்துவாரத்துத் தண்ணி மேல எண்ணெய் படிஞ்சு, மீன்காரங்க வலையெல்லாம் கறுத்துப் போனதை நீங்க பக்கத்துலயே பார்த்திருப்பீங்க. சாக்கடையில ஒரு சொட்டுகூட விடாதீங்க. காலி டப்பாவுலயே ஊத்தி மூடி, பழைய ஆயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புற ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க. பாக்கி டப்பாவை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அடியில ஆணி அடிச்சு ஓட்டை போடுங்க, இல்லன்னா அதுலயே டூப்ளிகேட் ஆயில் ரொம்பி இன்னொருத்தர் வண்டிக்கு வந்து சேரும்.