கீமோ நடக்கும்போது கொரோனா வந்தால்... – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று கீமோ முடிந்திருக்கிறது. நேற்று கொரோனா பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. 'கேன்சர்காரங்களுக்குக் கொரோனா வந்தால் தேறுவது கஷ்டம்' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கீமோவை அடியோடு நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. 2020-ல், தடுப்பூசி வருவதற்கு முன்பு, அமெரிக்கா, கனடா, ஸ்பெயினில் கொரோனா தொற்றிய 928 புற்றுநோயாளிகளில் 13 சதவீதம் பேர் இறந்தார்கள். பிரிட்டனில் 800 பேரில் 28 சதவீதம். எண்கள் பயமுறுத்தும்தான். ஆனால் முதியவர்கள், ஆண்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள், கட்டி கட்டுக்குள் வராதவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. முந்தைய நான்கு வாரத்துக்குள் கீமோ போட்டுக்கொண்டதால் மட்டும் இறப்பு கூடவில்லை என்பது பிரிட்டன் ஆய்வில் தெரிந்தது.

அதனால் கீமோவைத் தள்ளிப்போடலாம், கைவிடக் கூடாது. காய்ச்சலும் இருமலும் அடங்கி, ரத்த அணுக்கள் தேறியதும் அடுத்த கீமோவுக்கு நாள் குறிப்பார்கள். புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள்.

இப்போது கண்காணிக்க வேண்டியது காய்ச்சலை. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அப்போது வரும் காய்ச்சலைக் 'கொரோனா காய்ச்சல்தானே' என்று விட்டால், உள்ளே இருப்பது பாக்டீரியா தொற்றாக இருந்து, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். தெர்மாமீட்டர் ஒருமுறை 101 டிகிரி காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 'கீமோவில் இருக்கிறார்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நியூட்ரோஃபில் (பாக்டீரியாவை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) 500-க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் ஊசி தாமதமில்லாமல் ஏற வேண்டும். பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன்பே காய்ச்சலைப் பார்த்து, நேரத்தோடு குறித்துவையுங்கள். மாத்திரைக்குப் பிறகு வரும் அளவு ஏமாற்றும்.

வாந்தி வராமலிருக்கக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பல வீடுகளில் மிச்சம் இருக்கும். 'கொரோனாவுக்கும் இதுதானே' என்று அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அது உயிர்காக்கும் மருந்து. மற்றவர்களுக்கு நன்மை கிடையாது. காய்ச்சலை மறைக்கும், சர்க்கரையை ஏற்றும்.

ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே இறங்கினால் அட்மிஷன் தேவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி காட்டும், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று காட்டாது. ரத்தசோகை உள்ளவருக்கு 97 காட்டும்போதே மூச்சு வாங்கலாம். எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பாருங்கள்.

அப்பாவுக்கு லிம்ஃபோமா (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்), அதற்கு ரிட்டுக்ஸிமாப் ஊசி போடுகிறோம். ஐந்து வாரமாகியும் கொரோனா பாசிட்டிவ், காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது. 'செத்த வைரஸ்தான்' என்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

காய்ச்சல் இல்லாதவருக்கு அந்தப் பதில் பொருந்தும். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்களை அழிக்கிறது. அவை திரும்பி வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வைரஸை விரட்ட ஆளில்லாததால் அது வாரக்கணக்கில் உயிரோடு பெருகலாம். ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொரோனா கூடுதல் ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம். நெஞ்சு சி.டி. ஸ்கேனும், ஆர்டி-பிசிஆரில் 'சிடி' மதிப்பும் கேளுங்கள் (இரண்டும் வேறு). அந்த மதிப்பு குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம் என்று பொருள். ரெம்டெசிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டுமா என்று தொற்றுநோய் நிபுணர் முடிவு செய்வார். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மாத்திரை கொடுப்பதாக இருந்தால், அப்பாவின் மருந்துப் பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே காட்டுங்கள். வின்கிறிஸ்டின், வெனிட்டோகிளாக்ஸ், இப்ரூட்டினிப் ஆகிய புற்றுநோய் மருந்துகள் உடலிலிருந்து வெளியேறுவதை ரிட்டோனாவிர் தடுப்பதால், அவற்றின் அளவு ரத்தத்தில் ஏறி நச்சாகலாம்.

கீமோ நடக்கும்போது கொரோனா தடுப்பூசி போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

போடலாம். இந்தியாவில் பரவலாகப் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் உடலில் பெருகக்கூடிய கிருமி இல்லை. எந்த நாள் என்பதை, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார். ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களுக்கு, கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு மாதம் கழித்துப் போட்டால் பலன் கூடும். அதுவரை வீட்டில் உள்ள மற்ற எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.