120 விநாடியாய் அந்த டிஸ்க் என்னதான் செய்கிறது?

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கணினியில் இயங்குதளம் உபுண்டு. சாமத்திய வீட்டு வீடியோவைப் பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணினால் பாதியில் எல்லாம் விறைத்து நிற்கிறது. கணினி நடந்ததைக் குறித்து வைக்கிற லொக்கில், ஒரு வேலை 120 விநாடிக்கு மேல் தடைப்பட்டு நிற்கிறது என்று ஆங்கிலத்தில் வருகிறது. அந்த எச்சரிக்கையை நிறுத்துகிற வழியும் அதிலேயே இருக்கிறது, பூச்சியம் போட்டால் சரி என்கிறான் கணினி திருத்துகிற தம்பி. போடலாமா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: போட வேண்டாம். தம்பி சொன்னது பொய்யில்லை, அந்த வழியை உபுண்டுவின் மையப் பகுதியான கேர்னலே எழுதிக் காட்டுகிறது, ஆனால் நிற்கப்போவது செய்தி மட்டும்தான்.

அரிவு வெட்டுக் காலத்தில் நெல்லு ஆலைக்குப் போயிருப்பீர்கள். மூட்டையை முற்றத்தில் இறக்கிவிட்டால் உழவு இயந்திரம் உடனே திரும்பலாம், முற்றம் நிரம்பினால் பின்னால் வந்தவை றோட்டில் நிற்க வேண்டியதுதான். நீங்கள் கொப்பி பண்ணுவதும் முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ராமில்தான் இறங்குகிறது, டிஸ்க்குக்குப் போவது பிறகு. எழுதப்படாமல் கிடப்பது, பாவிக்கக் கிடைக்கிற ராமில் ஏறத்தாழ 20 வீதத்தைத் தொட்டால் கேர்னல் மறித்துவிடும். 8 ஜிபி ராமில் 1.6 ஜிபி என்று வையுங்கள், பென்டிரைவ் விநாடிக்கு 5 எம்பி எழுதினால் 320 விநாடி! அது முடியட்டும் என்று காத்திருக்கிற வேலை 120 விநாடியைத் தாண்டாமல் என்ன செய்யும்? இப்படியென்றால் பழுது ஒன்றுமில்லை, பென்டிரைவ் மெதுவானது, அவ்வளவுதான். ஆனால் திரையில் 100 வீதம் என்று வந்த உடனே இழுத்துவிடாதீர்கள், கழற்றலாம் என்று கணினி சொல்லட்டும்.

பென்டிரைவே இல்லாத நேரத்திலும் வருகிறதா? அப்ப உள்ளே இருக்கிற டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலி இருக்கிறது, அதில் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் விபரத்தைத் திறந்து 5, 197, 199 என்ற இலக்கமுள்ள மூன்று வரிகளில் இருக்கிற எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 5 கூடிக்கொண்டே போனாலோ, 197 பூச்சியமாக இல்லாவிட்டாலோ டிஸ்க்கின் தட்டிலேயே பழுது; வேறு எதையும் தொட முன்னம் கலியாண வீட்டு வீடியோக்களை வேறொன்றுக்கு மாற்றுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிள்தான். இது தெரியாமல் நான் ஒருமுறை புது டிஸ்க்கே வாங்கினேன், பழையது இன்றைக்கும் ஓடுகிறது. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

கேள்வி: விண்டோஸில் நடந்ததைக் காட்டுகிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டிஸ்க் 153 என்று எச்சரிக்கை. டிஸ்க் போய்விட்டதா?
(வாசகி, வவுனியா)

பதில்: இன்னும் இல்லை. ஒரு வாசிப்போ எழுத்தோ ஒருமுறையில் முடியாமல் விண்டோஸ் திரும்பச் செய்திருக்கிறது. எப்போதாவது ஒன்றென்றால் விடுங்கள். தினமும் வந்தால் முதலில் கொப்பி எடுங்கள், அப்புறம் கேபிளைப் பாருங்கள்.