தகரக் கொட்டகையில் ஒரு ஹெரால்ட்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கேள்வி: எங்கள் வீடு குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா 1979இல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 22 ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில் நிற்கிறது. வாங்கும்போதே இரும்புக் கூரையை எடுத்துவிட்டுத் துணி ஹூட் போட்டிருந்தார்கள். அடியில் எங்கு பார்த்தாலும் துரு. சுரண்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் புதிது போல ஆகிவிடும் என்கிறார் டிங்கர். நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறோம். முடியுமா ஐயா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும் அம்மா. இருப்பது ஹெரால்ட் என்பதால்தான் இவ்வளவு துணிந்து சொல்கிறேன். இந்தக் கார் பிறந்த கதையே உங்களுக்குச் சாதகமானது. 1953இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லாமல் போனதால், தனியாக ஒரு சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், செய்து, வெவ்வேறு இடங்களில் அடித்த பாடித் துண்டுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த அந்தக் கார் 1959இல் வெளிவந்தது. 1961 முதல் சென்னையிலும் தயாரானது. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறப்பதும், கூரைகூட போல்ட்டில் நிற்பதும் இதனால்தான். சாதாரண ஸ்பானர் செட்டோடு ஒரு வீட்டுக் கொட்டகையில் இவ்வளவு தூரம் பிரிக்கக்கூடிய கார் அதிகம் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காரின் பலம் முழுவதும் சேஸிஸில் இருக்கிறது. கூரை இல்லாத உங்கள் காரில் சேஸிஸின் பொறுப்பு இன்னும் அதிகம். நடுவில் ஓடும் இரண்டு உத்திரங்களிலிருந்து பக்கவாட்டில் கைகள் போல நீளும் பெட்டிகள்தான் பாடியைத் தாங்குகின்றன. ஹெரால்டில் முதலில் அரிப்பது அவைதான். சேறு சக்கரத்திலிருந்து நேராக அங்கே போய் அடைகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. இந்தக் கைகள் அரித்திருக்கும்போது மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால், நல்ல பணத்தை அழுகிய தகட்டின்மேல் பூசியது போலத்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உங்கள் டிங்கர் நல்ல கைக்காரராகவே இருக்கலாம். ஆனாலும் இந்த யோசனையை ஏற்காதீர்கள்.

எனவே இந்த ஞாயிறு சுரண்டும் வேலை வேண்டாம். முதலில் காரைக் காய வையுங்கள்.

நம் மலையில் தகரக் கொட்டகை மழையைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இரவில் தகரம் குளிர்ந்துவிடும். மண் தரையிலிருந்து ஏறும் ஆவி அதன் அடிப்பக்கத்தில் படிந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகக் காரின்மேல் விழும். ஒருநாள் ஆறு மணிக்குப் போய்த் தகரத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும். காரின்மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. பழைய பருத்தி வேட்டி அதைவிட எவ்வளவோ மேல். தரையில் கனமான பாலிதீன் விரித்து, அதன்மேல் பலகைகளை அடுக்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் மேலும் கீழுமாகக் காற்றுப் போக வழி செய்யுங்கள். சீட்டுகள், தரைவிரிப்பு, அதன் அடியில் உள்ள மெத்தைத் துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். விரிப்பைத் தூக்கும்போது வரும் புளித்த வாடையே எத்தனை ஆண்டு தண்ணீர் நின்றிருக்கிறது என்று சொல்லிவிடும். இதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது சோதனை. தேவைப்படுவது ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூடிரைவரும். தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் இறங்கட்டும், வருந்தாதீர்கள்; அந்த ஓட்டையை நீங்கள் போடவில்லை, அது ஏற்கெனவே அங்கே இருந்தது. சேஸிஸ் கைகளின் நுனி, பின்புற வில்பட்டை உட்காரும் இடத்தின் சுற்றுப்புறம், டிக்கித் தரை, கதவுகளின் அடி விளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். நல்லதற்கு வெள்ளை, கெட்டதற்குச் சிவப்பு என்று சாக்பீஸால் குறித்து, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் உள்ள இடத்தில் மட்டும் சுத்தியலும் எமரியும் படக்கூடாது.

காரைத் தூக்கி நிறுத்துவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் யாரும் தலையை நீட்டாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அது விரிசல் காட்டாமல் நொடியில் உடையும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். நம் ஊரில் சமதளமான தரை கிடைப்பது அரிது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி டியூப்பைக் கொண்டு நான்கு ஸ்டாண்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கோணலாக நிற்கும் காரை வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும்.

இப்போது கதவுகளைச் சாத்திவிட்டு, கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே அளந்து எழுதுங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். கூரை இல்லாத காரில் இது அடிக்கடி வரும். அந்த இடைவெளியைச் சரிசெய்து, கதவுகளைக் கழற்றி, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகுதான் அறுக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு சேஸிஸ் கையை அறுத்து, புதியதைப் பொருத்தி, அளந்து பார்த்து, பிறகு அடுத்தது. நேரம் மிச்சம் என்று ஒரே நாளில் ஒரு பக்கம் முழுவதையும் அறுத்தவர்களின் காரில் கதவு மறுபடி ஒழுங்காகச் சாத்தியதை நான் கண்டதில்லை. நடு உத்திரங்கள் நன்றாக இருந்து கைகள் மட்டும் போயிருந்தால் பாடியைத் தூக்கவே வேண்டாம். அது இருக்கும் இடத்தில் இருப்பதே அளவுக்கு ஆதாரம்.

இந்த வெல்டிங்கை நீங்கள் செய்யாதீர்கள். மிக் மெஷின் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மின்சார வெல்டிங் கருவி) வைத்திருக்கும் ஒருவரை வீட்டுக்கே வரவழையுங்கள். காஸ் வெல்டிங்கின் சூடு மெல்லிய தகட்டை நெளித்துவிடும். கைகளுக்கு 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர், தரைக்கு 18 கேஜ் தகடு என்று கேளுங்கள். அவர் வருவதற்கு முன்பே பெட்ரோல் டாங்க் டிக்கியிலிருந்து வெளியேறிக் கொட்டகையைவிட்டுத் தூரத்தில் இருக்க வேண்டும். காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. உள்ளலங்காரத் துணி ஒன்றுகூடக் காரில் இருக்கக்கூடாது. வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது யாராவது அங்கேயே இருங்கள்.

நடு உத்திரமும் மோசம் என்றால் பாடியைத் தூக்கி, சேஸிஸை மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்பி மணல் பீய்ச்சித் துருவை எடுக்கலாம். பம்பும் வார்ப்பட ஆலைகளும் நிறைந்த ஊர், அந்த வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு காரின் சேஸிஸை அப்படிச் சுத்தம் செய்து, பிரைமரை வீட்டில் நிதானமாகப் பூசிக்கொள்ளலாம் என்று மாலையில் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். கீழே வெள்ளிபோல் மின்னியது. பர்லியாறு தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தது போல முழுச் சேஸிஸிலும் புதுத் துரு. முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. கீழே சுத்தம் செய்த இரும்புக்குக் கீழேயே, அதே நாளில், எபாக்ஸி பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே மலையேற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இருவரும் செய்யக்கூடிய அருமையான வேலை, சிறு பாகங்களின் துருவை எடுப்பது. கீல்கள், பிராக்கெட்டுகள், சீட்டுச் சட்டங்கள், ஹூட் கம்பிகள். மாட்டுத்தீவனக் கடையில் கிடைக்கும் கரும்பு ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் பாகங்களை மூழ்க வையுங்கள். அது துருவை மட்டும் மெல்லக் கரைக்கும், நல்ல இரும்பைத் தொடாது. சமவெளியில் ஒரு வாரம், இரண்டு வாரம் எடுக்கும். நம் குளிரில் இன்னும் சில நாள் கூடும். வாடை கடுமையாக இருக்கும், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அலுமினியப் பாகங்களையும், கைப்பிடி போன்ற வார்ப்பு உலோகப் பாகங்களையும் அதில் போட்டுவிடாதீர்கள், தின்றுவிடும். எடுத்ததும் கழுவி, உடனே துடைத்து, அடுப்பருகே காயவைத்து, அன்றே பிரைமர். ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய சீட்டோடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வையுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள வாஷர்களையும் ரப்பர்களையும் எண்ணி, இடம் குறித்து வையுங்கள். கதவு இடைவெளியை நிர்ணயிப்பவை அவைதான்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கவாத்துக் கத்தி தேயிலைச் சாறு பட்டுக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலையில் உள்ள டானின் என்ற அதே துவர்ப்புப் பொருள்தான் அந்தத் திரவங்கள் பலவற்றிலும் செறிவாக இருக்கிறது; இரும்போடு சேர்ந்து கறுப்புப் படலம் ஆகிறது. மேலோட்டமான துருவுக்கு நல்லது. ஸ்குரூடிரைவர் இறங்கிய இடத்துக்கு அதனால் பயனில்லை.

ரெட் ஆக்சைடு அடித்தாகிவிட்டது, இனி மழைக்குப் பயமில்லை என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரில் நுண்துளைகள் உண்டு. அதை மட்டும் பூசி ஐப்பசி, கார்த்திகையைக் கடக்க விட்டால் அடியில் துரு வேலையைத் தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. எனவே மழை மாதங்களில் பிரிப்பதும் சிறு பாகங்களும். மேல்பெயின்ட் தை முதல் பங்குனி வரை, அதுவும் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்றுக்குள். தகட்டின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய கார்களுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டை ஈரக் காற்றில் அடித்தால் பால் படிந்தது போல வெளுத்துவிடும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க்கோடு வீட்டுக் கொட்டகையில் அதை அடிக்கவே வேண்டாம், அதற்கென்று உள்ள பட்டறையில் கொடுங்கள். பெயின்ட் காய்ந்த பிறகு சேஸிஸ் பெட்டிகளின் உள்ளே அதற்கான மெழுகைப் பீய்ச்சுங்கள். பழைய இன்ஜின் ஆயில் தெளிக்கும் பழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும். வடிகால் துளைகள் எதையும் அடைக்காதீர்கள்.

பணம் ஒதுக்கும்போது பெயின்ட்டுக்கு முன் பிரேக்கை வையுங்கள். ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். துருப்பிடித்த குழாய் ஒன்று வெடித்தால் நான்கிலும் பிரேக் இருக்காது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், எல்லா சிலிண்டர் வாஷர்களும் புதிதாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் அதைத் தாங்கும் வகையில் மாற்றுங்கள்.

ஒரு கட்டிங் மெஷின் ஓடுவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பாடி வகை என்ன என்று எழுதியிருக்கிறது? மூடிய கார் என்று இருந்தால், கூரையை எடுத்தது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டிய மாற்றம். 2021இல் வந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, அன்றாடப் பயணத்துக்கும் ஓட்டக்கூடாது. எனவே ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய கூரையை அப்பா எங்காவது பரணில் போட்டிருக்கிறாரா என்றும் தேடுங்கள். அது கிடைத்தால், திருப்பி மாட்டுவது சில போல்ட்டுகளை முடுக்கும் வேலைதான்.

தார்ப்பாயை எடுத்து, விரிப்பைத் தூக்கி, சாக்பீஸ் குறி போட்ட படங்களையும் இரண்டு கதவுகளின் ஆறு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பாடியைத் தூக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.