என் தலை, என் முடிவு: சைக்கிள் குழுவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமா?

வாசகர் கேள்வி: நாங்கள் வார இறுதிகளில் சேர்ந்து நீண்ட தூரம் ஓட்டும் ஒரு சைக்கிள் குழு. அண்மையில் ஓர் உறுப்பினர் தலைக்கவசம் இல்லாமல் விழுந்ததில் அவருக்குத் தலையில் பலத்த அடி பட்டது. இனித் தலைக்கவசம் அணியாதவர்கள் குழுச் சவாரியில் சேர முடியாது என்று விதி கொண்டுவர நினைக்கிறோம். மூத்த உறுப்பினர்கள் சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள். "என் தலை, என் முடிவு. இத்தனை வருடம் எதுவும் அணியாமல்தானே ஓட்டினோம், என்ன ஆகிவிட்டது? நெதர்லாந்தில் யார் அணிகிறார்கள்? எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன்" என்கிறார்கள். வயதுவந்தவர்களை அவர்கள் நன்மைக்காகக் கட்டாயப்படுத்துவது நியாயமா? நியாயம் என்றால் விதியை எப்படி அமைப்பது?

பதில்: விதி கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கொண்டுவருகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். "உங்கள் நன்மைக்காகத்தான்" என்ற பேச்சு வயதுவந்த ஒருவருக்கு எரிச்சலூட்டும் என்பது ஒருபுறமிருக்க, உங்கள் விதிக்கு அந்தக் காரணம் தேவையே இல்லை.

அரசு ஒரு சட்டம் போட்டால் அதிலிருந்து விலகிக்கொள்ளக் குடிமக்களுக்கு வழி கிடையாது. சாலையில் இறங்கும் ஒவ்வொருவரையும் அது கட்டுப்படுத்தும், மீறினால் அபராதம் வரும். ஆகவே அரசு தன் சட்டத்துக்குச் சொல்ல வேண்டிய நியாயம் மிகக் கனமானதாக இருக்க வேண்டும். உங்கள் குழு விதியோ, விருப்பப்பட்டுச் சேர்பவர்கள் சேர்ந்து ஓட்டும் சில மணி நேரத்துக்கு மட்டுமே பொருந்துவது. அதை ஏற்காதவர் தனியாக ஓட்டலாம், வேறு குழுவில் சேரலாம், அவருடைய உரிமை எதுவும் குறைவதில்லை. தனிமனித சுதந்திரத்தைப் பற்றிய பெரிய விவாதத்தை இந்தச் சிறிய விதியின் மேல் அப்படியே ஏற்றுவது பொருந்தாது. அதற்காக அந்த விவாதத்தை உதறிவிடவும் கூடாது, ஏனெனில் மூத்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

"என் தலை, என் முடிவு" என்பது வீம்புப் பேச்சு அல்ல. பிறருக்குத் தீங்கு நேராத வரையில் ஒருவருடைய வாழ்க்கையில் பிறர் தலையிடக் கூடாது என்ற கொள்கை சுதந்திரச் சிந்தனையின் அடித்தளங்களில் ஒன்று. அமெரிக்காவில் இது நீண்ட அரசியல் போராட்டமாகவே நடந்தது. 1966இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், மாநிலங்கள் மோட்டார் சைக்கிள் தலைக்கவசச் சட்டம் இயற்றாவிட்டால் அவற்றின் நெடுஞ்சாலை நிதி குறையும் என்ற நிலையை உருவாக்கியது. 1975க்குள் 47 மாநிலங்கள் சட்டம் இயற்றிவிட்டன. ஓட்டுநர் அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து 1976இல் அந்த நிதித் தண்டனை நீக்கப்பட்டது; பல மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திரும்பப் பெற்றன அல்லது இளையவர்களுக்கு மட்டும் என்று சுருக்கின. புளோரிடா 2000ஆம் ஆண்டில் ஒரு நடுவழியைத் தேர்ந்தெடுத்தது: 21 வயதைக் கடந்தவர், குறைந்தது 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், தலைக்கவசம் இல்லாமல் ஓட்டலாம். ஆபத்தை ஏற்பவரே செலவையும் ஏற்கட்டும் என்பது அதன் உட்பொருள். மூளையில் பலத்த காயமடைந்த ஒருவருக்கு ஆகும் சிகிச்சைச் செலவில் அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்பதை அவசர சிகிச்சைப் பிரிவைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1972இல் மாசசூசெட்ஸில் இது கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனபோது, அடிபட்ட கணத்திலிருந்து அந்த மனிதரைச் சாலையிலிருந்து தூக்குவதும், மருத்துவமனையில் சேர்ப்பதும், அவரால் வேலை செய்ய முடியாமல் போனால் அவரையும் அவர் குடும்பத்தையும் தாங்குவதும் சமூகம்தான் என்ற கருத்தில் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த வாதம் வலுவானது. ஆனால் எல்லையில்லாமல் நீளக்கூடியது. மலையேறுபவரும் விழுந்தால் மீட்புக் குழுதான் போக வேண்டும். செலவு பொதுவில் விழுகிறது என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் தடுக்க ஆரம்பித்தால் வாழ்க்கையில் செய்யத் தகுந்தவற்றில் பாதி மிஞ்சாது.

அதனால் நான் எப்போதும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன். இந்த விதி ஒருவர் விரும்பும் செயலையே பறிக்கிறதா, அல்லது அந்தச் செயலை அவர் செய்யும் முறையைச் சற்று மாற்றச் சொல்கிறதா? மலையேறுவதைத் தடை செய்தால், மலையேறுபவருக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. தலைக்கவசம் அணிந்து ஓட்டுபவருக்கோ சாலையும் வேகமும் துணையும் அப்படியே கிடைக்கின்றன. ஒருவேளை சிலருக்கு அந்தச் சிறிய மாற்றமே பெரிய இழப்பாக இருக்கலாம். தலைப்பாகையைச் சமயக் கடமையாகக் கொண்ட சீக்கியர்களுக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து பிரிட்டன் 1976இல் விலக்கு அளித்தது இதனால்தான். உங்கள் குழுவில் அப்படிப்பட்ட காரணம் உடையவர் இருந்தால் அவருக்கென ஒரு விலக்கை எழுதி வையுங்கள். வியர்க்கிறது, பழக்கமில்லை என்பவை அந்த வகையில் சேரா.

சைக்கிள் உலகத்திலேயே இந்த வாதம் முழுமையாக நடந்து முடிந்திருக்கிறது என்பதை மூத்தவர்களிடம் சொல்லுங்கள். சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனம் 1991இல் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றது. பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்த்து நின்றார்கள். வெப்பம் தாங்க முடியாது, எங்கள் தலையைப் பற்றி நாங்களே முடிவு செய்வோம் என்றார்கள். சம்மேளனம் பின்வாங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் தலைக்கவசம் அணியாமல் விழுந்து மறுநாள் இறந்தார். அந்த ஆண்டே விதி வந்தது. முதலில் அதில் ஒரு விட்டுக்கொடுப்பும் இருந்தது: குறைந்தது 5 கி.மீ. நீளமுள்ள ஏற்றத்தில் முடியும் பந்தயமானால் அந்த இறுதி ஏற்றத்தில் கவசத்தைக் கழற்றிவிடலாம். பின்னர் அந்த விலக்கும் எடுக்கப்பட்டது. இன்று தலைக்கவசம் இல்லாத பந்தய வீரரைப் பார்த்தால் நமக்கே ஏதோ குறைவதுபோல் தோன்றும்.

அந்த மனமாற்றத்துக்கு ஒரு மரணம் மட்டும் காரணமல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில் கவசங்கள் எடை குறைந்து, காற்றோட்டம் கூடி, அணிவது எளிதாகியிருந்தது. பாதுகாப்பின் விலை குறையும்போது அதைப் பற்றிய நம் மதிப்பீடு மாறுவது இயல்பு. விதி முந்திக்கொண்டு பழக்கத்தை உண்டாக்குவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியபோதும், பிரிட்டன் 1983இல் முன்னிருக்கைகளுக்குக் கட்டாயமாக்கியபோதும் சுதந்திரம் பறிபோகிறது என்ற குரல் பலமாகவே எழுந்தது. பிரிட்டனில் அதற்கு முன் ஏறத்தாழ நாற்பது சதவீதமாக இருந்த பயன்பாடு சட்டம் வந்ததும் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் வாதத்தில் தோற்றதால் மாறவில்லை, பழகிப்போனதால் மாறினார்கள்.

"இத்தனை வருடம் என்ன ஆகிவிட்டது" என்ற கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் எதுவும் ஆகாதவர்கள் மட்டுமே. ஆனவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்து பேச முடியாது. சாலையில் வாகனங்களின் எண்ணிக்கையும் வேகமும் கூடியிருக்கின்றன. அதே சமயம், ஆபத்தைக் கண்டு ஒதுங்கும் இன்றைய போக்கு எல்லாம் அறிவு முதிர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. குழந்தைகள் தனியாகச் சைக்கிளில் சுற்றிய காலத்தை நாம் இழந்ததில் உண்மையான இழப்பு இருக்கிறது, மூத்தவர்களின் கோபத்தில் அந்த ஏக்கமும் கலந்திருக்கலாம். அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார் 1969இல் எழுதிய கட்டுரையில், தாமே தேர்ந்துகொள்ளும் ஆபத்தை மக்கள், தம்மீது சுமத்தப்படும் ஆபத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை ஏற்கிறார்கள் என்று கணக்கிட்டார். அந்த எண் பின்னர் கேள்விக்குள்ளானது. போக்கு மட்டும் உண்மை: தன் கையில் முடிவு இருக்கும்போது மனிதருக்கு ஆபத்து சிறிதாகத் தெரிகிறது, முடிவைப் பிறர் எடுக்கும்போது பாதுகாப்புகூடச் சுமையாகத் தெரிகிறது. ஆகவே விதியை நிர்வாகிகள் அறிவிக்காமல், எல்லோரும் பேசி வாக்களித்து எடுத்த முடிவாக அது அமையட்டும்.

நெதர்லாந்து பற்றிய வாதம் உண்மைதான். அங்கே கட்டாயச் சட்டம் இல்லை. அன்றாடம் ஓட்டும் பெரும்பாலோர் அணிவதுமில்லை. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக, கார்களிலிருந்து பிரிக்கப்பட்ட பாதையில் போகிறார்கள். அதே நாட்டில் பந்தய சைக்கிளில் கூட்டமாக வேகமாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தலைக்கவசத்தோடுதான் ஓட்டுகிறார்கள். உங்கள் குழு இரண்டாவது வகை. இங்கே இரண்டு கேள்விகள் அடிக்கடி குழம்பிப்போகின்றன. எல்லோருக்கும் சட்டம் போடுவது நல்லதா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு: 1990இல் விக்டோரியா சைக்கிளுக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கிய பிறகு, சைக்கிள் ஓட்டுபவர்களே குறைந்துவிட்டார்களா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை, மெக்சிகோ நகரம் 2010இல் தன் கட்டாய விதியை நீக்கியது. விழுபவரின் தலையைக் கவசம் காக்குமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் தெளிவானது. ஏறத்தாழ 64,000 காயமடைந்த சைக்கிள் ஓட்டுநர்களை உள்ளடக்கிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பாய்வு, கவசம் அணிந்தவர்களிடம் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு சுமார் 69 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டது.

கவசம் என்ன செய்கிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். வெளி ஓட்டுக்குள் இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள வெண்ணுரைப் பொருள்தான் உண்மையான கவசம். தலை தரையில் மோதும் கணத்தில் அது நசுங்குகிறது. வெறுந்தலை சில மில்லிமீட்டரில் சட்டென்று நிற்க வேண்டிய இடத்தில், நசுங்கும் நுரை இன்னும் ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தைக் கொடுக்கிறது. நிற்கும் தூரம் கூடுவதால் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே ஒருமுறை பலமாக மோதிய கவசம், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், பயனற்றது. ஐரோப்பியத் தரச் சோதனையில் கவசத்தைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான தளத்தில் விழவிடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. லாரி மோதினால் காப்பாற்றும் என்று அதற்கு யாரும் சான்றளிப்பதில்லை. சைக்கிளிலிருந்து தலை தரையில் விழும் உயரத்துக்கு அது வடிவமைக்கப்பட்டது. கூட்டமாக ஓட்டும்போது சக்கரத்தோடு சக்கரம் உரசி விழுவதும் அந்த வகை விழுகைதான்.

கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் கூடுதல் ஆபத்தை ஏற்பார்கள் என்ற வாதமும் எழலாம். பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் கார்களின் பாதுகாப்பு விதிகளை வைத்து இதை முன்வைத்தார். கிடைக்கும் பயனை அது முழுதும் அழித்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை, என்றாலும் எச்சரிக்கை பயனுள்ளது. கவசம் விழுந்தபின்தான் உதவும். விழாமல் இருக்க உதவுபவை இடைவெளியும், வேக வரம்பும், பள்ளத்தைக் கைகாட்டி எச்சரிக்கும் பழக்கமும், விளக்குகளும். உங்கள் விதிமுறையில் தலைக்கவசம் மட்டும் இருந்தால் அது அரைகுறை விதி.

"நானே பொறுப்பு" என்ற எழுத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் தன் சார்பில் மட்டுமே எழுத முடியும். அவர் விழுந்தால் பின்னால் வருபவர் அவர்மேல் ஏறாமல் திரும்ப வேண்டும், ஒருவர் சாலையில் நின்று வாகனங்களை நிறுத்த வேண்டும், ஒருவர் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும், ஒருவர் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அண்மையில் நடந்த விபத்தில் இவற்றைச் செய்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பேசச் சொல்லுங்கள். இந்த விதியின் நியாயம் அங்கேதான் இருக்கிறது: சேர்ந்து ஓட்டும்போது ஒருவருடைய தலைக்கு நேர்வது மற்றவர்கள் கைகளில் வந்து விழுகிறது.

விதியை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். குழுச் சவாரி தொடங்குவதிலிருந்து முடியும் வரை அனைவரும் தரச்சான்று பெற்ற தலைக்கவசத்தை வாரிட்டு அணிந்திருக்க வேண்டும். சமய அல்லது மருத்துவக் காரணம் உடையவர்களுக்கு விலக்கு உண்டு. ஓராண்டு கழித்து மீண்டும் வாக்கெடுப்பு. அபராதம் வேண்டாம். உறுப்பினர்கள் தனியாக ஓட்டும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும், அதைப் பற்றிக் குழுவில் பேசுவதும் கூடாது. அந்த எல்லையைக் காத்தால்தான் இது அவர்களுடைய சுதந்திரத்தை மதிக்கும் விதி என்று உங்களால் சொல்ல முடியும். சிறுவர்கள் விஷயத்தில் மட்டும் விலக்குகளைப் பெற்றோரோடு பேசியே தீர்மானியுங்கள், ஆபத்தை எடைபோட்டு ஒப்புக்கொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை.

முதல் சில வாரங்களில் யாராவது கவசம் இல்லாமல் வருவார். அன்று விட்டுக்கொடுத்தால் விதி அத்தோடு போய்விடும், கடிந்து பேசினால் ஆளை இழப்பீர்கள். இரண்டு மூன்று அளவுகளில் உபரிக் கவசங்களை எடுத்துச் செல்லுங்கள். கொடுக்கும் முன் உள் மெத்தைகளைக் கழற்றி, நுரையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும், வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும், மோவாய்க்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கே இடம் இருக்க வேண்டும். வாரை மாட்டாமல் தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். கவசம் தனியாக நழுவினால் அந்த அளவு அவருக்குப் பொருந்தவில்லை. எந்த அளவும் பொருந்தாவிட்டால், அன்றைய சவாரி அவர் இல்லாமல் கிளம்பட்டும்.