தையல் மெஷினை விட்டு எழுந்தால்தான் கடை கண்ணில் படும்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்தில் ஏழு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், பட்டுப்பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ், சின்னச் சின்ன ஆல்ட்டர் வேலை. உதவிக்கு ஒரு அக்கா இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடையில்தான். செலவெல்லாம் போக மாதம் 2,300 வெள்ளி (ரிங்கிட்) நிற்கிறது, இரண்டு வருடமாக அதே தொகைதான். போன மாதம் பணம் கட்டி ஒரு கருத்தரங்குக்குப் போனேன். தொழில்முனைவு மனப்பான்மை வேண்டும் என்று நாள் முழுக்கச் சொன்னார்கள், அது எப்படி வரும் என்று சொல்லவில்லை. பிறவியிலேயே இருக்க வேண்டியதா அது?

பதில்: இல்லை சகோதரி, பழகினால் வரும். இது நான் ஆறுதலுக்குச் சொல்வதில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் டோகோ என்ற நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை என்று வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, யாரும் சொல்லாமல் தானே இறங்கிச் செய்வது, வரப்போவதை முன்கூட்டியே யோசிப்பது, தடங்கல் வந்தால் வேறு வழி தேடுவது என்று மனப்பழக்கத்துக்கான பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. முடிவு 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் சராசரியாக 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 விழுக்காடு, அதுவும் பயிற்சியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. ஒன்றைக் கவனியுங்கள், அது ஒரு நாள் கூட்டம் இல்லை. நான்கு வாரம் வகுப்பு, அப்புறம் நான்கு மாதம் பயிற்றுநர் மாதா மாதம் கடைக்கே வந்து உட்கார்ந்து பேசினார். ஒரே நாளில் உங்களுக்கு எதுவும் மாறவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு, கொஞ்சம் மனதை வருத்தும், ஆனாலும் போட்டே ஆக வேண்டும். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம், வாரத்துக்கு 66, மாதத்துக்கு ஏறக்குறைய 286 மணி நேரம். 2,300ஐ அதால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி சொச்சம். நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனபோது மணிக்கு 8 வெள்ளி 72 காசு என்று வைத்தார்கள். அதாவது கடைக்குச் சொந்தக்காரரான நீங்கள், அளவெடுத்து வெட்டத் தெரிந்த நீங்கள், சட்டம் ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கச் சொல்வதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் லாபம் என்று நினைப்பது லாபமே இல்லை, அது உங்கள் சம்பளம், அதுவும் முழுதாக வரவில்லை.

உங்கள் கடையிலிருந்து நாலு எட்டு நடந்தால் லெபோ பினாங்கு. வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கிட்டங்கி என்ற நீளமான பொதுக் கட்டடங்களில் ஆளுக்கொரு பெட்டி போட்டு உட்கார்ந்து தொழில் செய்த தெரு அது. கடையை நடத்திய ஏஜெண்டுக்கு மூன்று வருடத் தவணைக்கு இவ்வளவு சம்பளம் என்று பேசி எழுதிவிடுவார்கள். முதல் வேறு, சம்பளம் வேறு, லாபம் வேறு. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போட்டால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைத்துத்தான் இதைப் பழக்கினார்கள், யாருக்கும் இரத்தத்தில் வந்ததில்லை. நீங்களும் இந்த மாதத்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு சம்பளம் எழுதுங்கள், வீட்டுக்கு அதை மட்டும் எடுத்துப் போங்கள். கியூஆரில் வருகிற பணம் வீட்டுக் கணக்கில் விழுகிறது என்றால் கடைக்கென்று தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு துணிக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். நான் பார்த்த தையல் கடைகளில் எல்லாம் நேரத்தைத் தின்பது ஆல்ட்டர் வேலைதான், பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடச் சில நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் "சின்ன வேலைதானே" என்று எட்டு வெள்ளிக்குச் செய்து கொடுத்துவிடுகிறோம். அதே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, நீங்கள் முடியாது என்று திருப்பி அனுப்பியவர்களை எழுதுங்கள். யார் வந்தார், என்ன கேட்டார், ஏன் முடியவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் கடையிலேயே விலை மதிப்புள்ள பக்கம் அதுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பிளவுஸ் ஆர்டர் விழுந்துவிடும். தீபாவளிக்கு முன்போ இடமில்லை என்று திருப்பி அனுப்புவீர்கள். அது வருடா வருடம் தெரிந்ததுதானே, அதற்கு முன்பே ஏதாவது செய்திருக்கிறோமா என்று யோசிப்பதுதான் அந்தக் கருத்தரங்கில் சொன்ன மனப்பான்மை. உதாரணத்துக்கு, நோன்புப் பெருநாள் இப்போது மார்ச்சை ஒட்டி வருகிறது, வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், இப்போதைக்குத் தீபாவளியோடு மோதாது. அந்தச் சமயத்தில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்க ஆள் கிடைக்காமல் அலைகிறவர்கள் நிறைய. வெட்டு வேறு, அக்குளுக்குக் கெகெக், பக்கத்துக்குப் பெசாக் என்று துண்டு வைக்க வேண்டும், ஆனால் பிளவுஸ் வெட்டுகிற கைக்கு இது கடினமில்லை.

உடனே புது மெஷின் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சரஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளிப் பேராசிரியை, பெரிய நிறுவனங்களை வளர்த்த 27 பேர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்கள் முதலில் கேட்டது எவ்வளவு வரும் என்பதை அல்ல, எவ்வளவு போனால் தாங்குவேன் என்பதைத்தான். உங்களுக்கு அது 300 வெள்ளியாக இருக்கலாம். அந்தத் தொகைக்குத் துணி வாங்கித் தெரிந்த மூன்று பேருக்குத் தைத்துப் பாருங்கள். சரியாக வரவில்லையா, எது சரியாக வரவில்லை என்று எழுதி வைத்துவிட்டு இன்னொரு விதமாக முயலுங்கள். கடன் வேண்டுமானால், சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்றே ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது, ஆனால் இந்த நோட்டு இரண்டு மாதம் ஓடிய பிறகு போங்கள், எதற்குக் கடன் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் கடையில் வெட்டுவது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அக்கா ஹுக் வைக்கிறார், ஓவர்லாக் அடிக்கிறார், அப்படித்தானே? கடை வளராமல் நிற்கிற இடம் அந்தக் கத்தரிக்கோல். கற்றுக்கொடுத்தால் அவர் தனியாகக் கடை போட்டுவிடுவாரோ என்கிற பயம் இருக்கும், நியாயமான பயம்தான், போகிறவர்களும் உண்டு. ஆனால் அவர் வெட்டுகிற ஒவ்வொரு லைனிங் பிளவுஸுக்கும் சம்பளத்துக்கு மேல் இவ்வளவு என்று பேசி வைத்தால் இருக்கவும் ஒரு காரணம் கிடைக்கும், அவர் கையும் கூடும்போது நீங்கள் தீபாவளிக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் குறைவார்கள். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் கடையை அவரிடம் விட்டுவிட்டு, மெஷினைத் தொடாமல், நோட்டோடு எதிர்ச்சாரிக் கடையில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

வெட்டுப் பழக ஆடி மாதம்தான் தோது, ஆர்டர் குறைவு, ஒன்றிரண்டு துணி பாழானாலும் தாங்கும். அது பிறப்பதற்கு முன் அக்காவிடம் பேசிவிடுங்கள்.