மகளுக்கு ரோமக் கட்டடங்கள் மேல் ஆசை: என்ன படிக்க வைப்பது?

ரோமக் கட்டடங்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள்; அது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். போடும். ஆனால் ஆசை கட்டடத்தின் மேலா, அங்கே கூடிய மனிதர்கள் மேலா என்பது முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் பாதை வேறு. பதினோராம் வகுப்பிலேயே பிரிந்துவிடும்.

ரோமில் இருக்கும் பழைய அரங்கமான கொலோசியத்தின் சுவரை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்றை அவளிடம் கொடுத்து, என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். அம்மைத் தழும்பு போல எங்கும் குழிகள் தெரியும். டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல் வகையைச் சாந்து இல்லாமல் அடுக்கி, இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார்கள். மொத்தம் சுமார் 300 டன் இரும்பு. இடைக்காலத்தில் அதைத் தோண்டி எடுத்ததில் விழுந்த குழிகள் அவை. அங்கேயே ஒரு கல்லில் வேறு வகைத் துளைகளும் உண்டு. வெண்கல எழுத்துகளைப் பொருத்த இட்டவை. எழுத்துகள் போய், மேலே பிற்காலக் கல்வெட்டும் வந்துவிட்டது. ஆனாலும் துளைகளின் அமைப்பை வைத்தே, போர்க் கொள்ளைப் பணத்தில் கட்டிய அரங்கம் இது என்று சொல்லும் வாசகத்தை 1995இல் கல்வெட்டு ஆய்வாளர் ஆல்ஃபல்டி மீட்டமைத்தார்.

"கவ்வி போன பிறகும் சுவர் எப்படி நிற்கிறது?" என்று கேட்கிறாளா? கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க் பக்கம் அனுப்புங்கள். ஐந்தாண்டுப் படிப்பு, நாட்டா அல்லது ஜேஇஇ இரண்டாம் தாள் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வரலாற்று ஆசை என்று கலைப் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள், பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் பி.ஆர்க் கிடையாது. பிறகு டெல்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி (எஸ்.பி.ஏ.) போன்ற இடங்களில் கட்டடப் பாதுகாப்பில் எம்.ஆர்க். 1349 நிலநடுக்கத்தில் கொலோசியத்தின் தெற்குப் பக்கம் சரிந்ததற்கு அடியிலிருந்த இளகிய வண்டல் மண்ணே காரணம் என்பது போன்றவற்றை நிலவியலாளர்களோடு சேர்ந்து ஆராய்வதும் இந்தத் துறையில் வரும் வேலை. பழைய கட்டட வேலை அமையாவிட்டாலும் ஆர்க்கிடெக்டாகச் சம்பாதிக்கலாம். பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

"என்ன எழுதியிருந்தது? யார் எங்கே உட்கார்ந்தார்கள்?" என்று கேட்டால் பி.ஏ. வரலாறு, கூடவே லத்தீன். லத்தீனை முதுகலை வரை தள்ளிப்போட்டால் தேறாது. இளங்கலை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். பேராசிரியர், அருங்காட்சியகம் என்று இடங்கள் குறைவு, பிஎச்.டி. வரை போகும் பொறுமை வேண்டும். பேரரசர் டொமிஷியன் காலத்தில் அரங்கின் அடியில் அமைத்த, விலங்குகளை மேலே தூக்கிவிடும் லிஃப்டுகள்தான் பிடிக்கிறது என்றால் மெக்கானிக்கல் சேருங்கள், ரோம் பொழுதுபோக்காக இருக்கட்டும்.

முதுகலைக்கு இத்தாலி என்றால் யுனிவர்சிட்டாலி என்ற இத்தாலிய அரசின் மாணவர் சேர்க்கைத் தளத்தில் முன்பதிவு செய்த பிறகே விசா. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு. திறமை இருந்தும் அது கைநழுவுவது பெரும்பாலும் காகிதத்தால்: வருமான, சொத்து ஆவணங்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு, இத்தாலிய மொழிபெயர்ப்போடு கெடுவுக்குள் தர வேண்டும். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் விரிவு உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.